தூக்கிப் போட்ட அளவு

என் அக்கா குப்பையைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். சொன்னால் சிரிப்பீர்கள். அவளே சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். வானிலை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறையை ஒட்டிய அறையில் அவள் மேசை. கணினி "வேண்டாம்" என்று ஒதுக்கித் தள்ளிய அளவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஏன் தள்ளியது என்று பார்ப்பது அவள் வேலை. பதினேழு வருடமாக அதுதான். அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள்.

"சல்லடை வேலையை கம்ப்யூட்டர் செய்யுது. மேல நிக்கிற கல்லைப் பொறுக்குறவ நான். முறம்னு பேரு வச்சிருந்தா பொருத்தமா இருந்திருக்கும்" என்பாள்.

குண்டான உடம்பு, பெரிய குரல், யாருக்கும் பயப்படாத வாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "காத்தைக் கட்டிக்கிட்டேன், அது சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பித்தான் வைக்க வைக்க, அவள் பேசுவாள். அவள் வேலையை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான், பித்தானுக்கும் பித்தானுக்கும் நடுவில்.

"உன் போனுக்கு வழி காட்டுதே, அந்தச் செயற்கைக்கோள் எந்நேரமும் சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். அது பூமியோட விளிம்புக்குப் பின்னால இறங்குற நேரத்துல, தாழ்வா பறக்குற இன்னொரு குட்டிச் செயற்கைக்கோள் அந்த சிக்னலைப் பிடிக்கும். நடுவுல காத்து இருக்குல்ல? அதுக்குள்ள புகுந்து வரும்போது சிக்னல் கொஞ்சம் வளையும். வாளித் தண்ணியில விட்ட குச்சி வளைஞ்சு தெரியுமே, அதே கதைதான். எவ்வளவு வளைஞ்சுதுன்னு அளந்தா, அங்க எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு கணக்குப் போட்டுடலாம். நட்டநடுக் கடல்ல யாருடி போய் நின்னு அளக்குறது? இது அளந்து குடுத்துடும்."

"சரி, அளந்ததை ஏன் தூக்கிப் போடுறீங்க?"

"அங்கதான் இருக்கு வேடிக்கை. முன்கணிப்பு போடுற கம்ப்யூட்டர் கணக்கு, மாடல்னு சொல்லுவோம், அளவு வர்றதுக்கு முன்னாலயே இங்க இவ்வளவு ஈரம் இருக்கும்னு ஒண்ணை நினைச்சு வச்சிருக்கும். முதல் ஊகம்னு அதுக்குப் பேரு. வர்ற அளவு அந்த ஊகத்துக்கு ரொம்ப மாறா இருந்தா, அளவுதான் தப்புன்னு தூக்கிப் போட்டுடும்."

"இதென்ன அநியாயம்! முப்பது இஞ்சுதான் என் இடுப்புன்னு ஒருத்தி அடம் பிடிக்கிறா, டேப்பு முப்பத்தாறு காட்டுது, டேப்பு தப்புங்குறா. அந்த மாதிரியில்ல இருக்கு?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதி நேரம் டேப்பும் தப்பா இருக்கும்டி" என்றாள். "தரைக்குப் பக்கத்துல, ஈரம் அதிகமான எடத்துல, சிக்னல் சிக்கிக்கிட்டு கன்னாபின்னான்னு வரும். எல்லாத்தையும் உள்ள விட்டா மாடலுக்குக் கிறுக்குப் பிடிச்சுடும். அதனால இவ்வளவு தூரம்தான் விலகலாம்னு ஒரு எல்லை வச்சிருக்காங்க."

அந்த எல்லையை வைத்தவர் என் வீட்டுக்காரர்.

அவரும் அதே அலுவலகம். அவரை எனக்குப் பார்த்துக் கொடுத்ததே அக்காதான். பக்கத்து மேசைக்காரர், நல்ல மூளை, நல்ல குணம், சட்டையில் ஒரு பித்தான் எப்போதும் இருக்காது, உனக்குப் பொருத்தம் என்று சொல்லிக் கூட்டிவந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அந்த எல்லையைக் கணக்கிட்டு வைத்தார். மாடல் கிறுக்குப் பிடிக்காமல் ஓடியது. கைதட்டினார்கள். அதே வேகத்தில் மேலே போய்ப் பிரிவுத் தலைவர் ஆகிவிட்டார். ஆனாலும் அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அலுவலகத்திலும்கூட. அக்கா அவரை மாப்பிள்ளை என்பாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? முட்டாள், முட்டாள். வேறென்ன சொல்ல?

அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரே பரிசு கழிவுத்தாள். அலுவலகத்தில் வேண்டாத பெரிய பெரிய தாள்கள், ஒரு பக்கம் வரைபடம், மறுபக்கம் வெள்ளை. நான் அவற்றில்தான் சட்டையின் கை, முதுகு, கழுத்து என்று அளவுத்தாள் வெட்டி வைப்பேன். ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரைப் பென்சிலால் எழுதி ஆணியில் மாட்டிவிடுவேன். அக்காவின் அளவுத்தாள்களில் "சல்லடை" என்று எழுதியிருக்கும். பதினேழு வருடத்தில் நான் அவளுக்கு டேப் எடுத்ததே கிடையாது. பழைய தாள் கிழிந்தால் அதையே புதுத்தாளில் வைத்து வெட்டிக்கொள்வேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு விரல் கூட்டுவேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"மாப்பிள்ளை, தெற்குக் கடல்ல தினம் நாப்பது அம்பது அளவு குப்பைக்கு வருது. ஒண்ணு ரெண்டா இருந்தா நானும் விட்டுடுவேன். நாலு வெவ்வேறு செயற்கைக்கோள், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை, ஆனா நாலும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. கீழ ஈரம் நாம நினைக்கிறதைவிட ரொம்ப அதிகம்னு. நாலு பேரு தனித்தனியா வந்து ஒரே சேதியைச் சொன்னா அது எப்படிப் பொய்யாகும்? மழைக்காலத்துல மட்டும் அந்தக் கடலுக்கு எல்லையைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்களேன்."

"பாக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்தார்.

"அலுவலகக் கடிதமாவே எழுதித் தந்துடட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "வீட்டு மனுஷங்களுக்குள்ள என்னக்கா கடிதம்? ஒரு தாள்ல கிறுக்கி என் மேசையில வைங்க, போதும்."

அக்காவும் நம்பினாள். நம்பாமல் என்ன, தங்கை புருஷன்தானே. கண்டுபிடித்ததையெல்லாம் கையில் கிடைத்த பெரிய தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துக்கொண்டே வந்தாள். பதிவேட்டில் ஏறாது, எண் கிடையாது, முத்திரை கிடையாது. ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்க்கா"தான். எல்லை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் வைத்த எல்லையாயிற்றே! அதைத் தளர்த்தினால் வைத்தபோதே தப்பு என்று ஆகிவிடாதா? இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது நான் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் புயல் வந்தது. கடலோடு வடக்கே போய்விடும் என்று மாடல் சொன்னது. அலுவலகமும் அதையே அறிவித்தது. புயல் திரும்பி, பலத்து, விடியற்காலையில் துறைமுக ஊருக்குள் புகுந்தது. ஆஸ்பத்திரிக் கூரை பறந்தது. கடலுக்குப் போயிருந்த படகுகளில் ஒன்று கரைக்கு வரவேயில்லை. அதில் நான்கு பேர்.

விசாரணைக் குழு போட்டார்கள். அவர்கள் முதலில் செய்த வேலை, குப்பைக்குப் போன அளவுகளை உள்ளே விட்டு அதே மாடலை மறுபடி ஓட்டிப் பார்த்தது. ஒரு நாள் முன்னதாகவே புயல் கரைக்குத் திரும்பியது, திரையில். அப்புறம் கேட்டார்கள்: இந்த அளவுகள் வீணாவது யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பதிலை அக்கா எனக்குப் படித்துக் காட்டினாள். "ஒதுக்கப்பட்ட அளவுகளைச் சரிபார்ப்பது சம்பந்தப்பட்ட ஊழியரின் பொறுப்பு. இது குறித்து அவர் எனக்கு எந்தத் தகவலும் தெரிவிக்கவில்லை."

அக்கா தாளை மடித்தாள். "சம்பந்தப்பட்ட ஊழியர். அது நான்தான்டி" என்றாள். "பதினேழு வருஷம் அக்கா அக்கான்னு கூப்பிட்ட வாய்."

"அவர் எழுதியிருக்க மாட்டாருக்கா. மேல இருந்து யாராவது எழுத வச்சிருப்பாங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்குக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார், "அக்கா எப்பவோ பேச்சுவாக்குல சொன்னாங்க, இவ்வளவு தீவிரம்னு சொல்லலையே, மேல இருந்து எழுதச் சொல்றப்ப நான் என்ன செய்ய" என்று. நானும் தலையாட்டினேன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பத்திரிகையில் "நான்கு உயிர்களைக் காவுகொண்ட அலட்சியம்" என்று போட்டார்கள். பெயர் போடவில்லை, ஆனால் இரண்டாம் மாடி என்று போட்டார்கள். அவள் குடியிருந்த கட்டடத்தில் படியில் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒதுங்கிப் போனார்கள். தாளில் எழுதி எழுதிக் கொடுத்தேன் என்று அவள் குழுவிடம் சொன்னாள். எங்கே அந்தத் தாள் என்று கேட்டார்கள். எதைக் காட்டுவாள்? ஒரே ஒரு தாள் கிடைத்தால் போதும், அவள் தப்பிப்பாள். இல்லையென்றால் வேலையும் போய், நான்கு பேரின் சாவும் அவள் தலையில் விழும்.

கடைசி விசாரணைக்குப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடு என்று துணி கொண்டுவந்து கொடுத்தாள். "குற்றவாளி மாதிரி கசங்கிப் போய் நிக்கக் கூடாதுல்ல" என்று சிரித்தாள். அப்போதும் சிரித்தாள், பாவி.

துணி கொஞ்சம் குறைச்சல். மடித்துப் போட்டு இரண்டு கையையும் ஒரே வெட்டில் வெட்ட முடியவில்லை. அளவுத்தாளை வைத்து வலது கையை வெட்டினேன். இடது கைக்காகத் தாளைத் திருப்பிப் போட்டேன்.

அக்காவின் கையெழுத்து.

"மாப்பிள்ளை, இத்தோட ஆறாவது தடவை. மழைக்காலத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. தெற்குக் கடல் எல்லையை இப்பவே தளர்த்தலைன்னா பெரிய புயல் ஒண்ணு நம்ம கண்ணுல படாமப் போயிடும்." கடைசி வரியின் ஓரம் கையின் வளைவில் என் கத்தரியால் வெட்டுப்பட்டிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் என் வீட்டுக்காரர் எழுத்து: "எல்லையைத் தொட வேண்டாம். என் பொறுப்பு." கையெழுத்து. தேதி.

எல்லாத் தாளையும் கிழித்துப் போட்டிருப்பார். இந்த ஒன்று மட்டும் கழிவுத்தாள் கட்டோடு சேர்ந்து, பெண்டாட்டிக்குப் பரிசாக வந்துவிட்டது. மறுபக்கம் எப்போதும்போல வரைபடம்தான் என்று நினைத்து, திருப்பிக்கூடப் பார்க்காமல், பென்சிலால் கோடு போட்டு, நானே வெட்டி, ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதை முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு அழுதார். காலைப் பிடிக்காத குறை.

"இது வெளிய போனா நம்ம குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். என்னை உள்ள தள்ளிடுவாங்க. அக்காவுக்கு என்ன, தனி ஆளு. வேலை போனா நாம பாத்துக்க மாட்டோமா? கூட்டிட்டு வந்து நம்ம வீட்லயே வச்சுக்கலாம்."

கூடவே இருந்து குழி பறித்துவிட்டு, அந்தக் குழிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுத் தருகிறேன் என்கிறார்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். எச்சில் தெறிக்கத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, தாளை நான்காக மடித்து மிஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஆமாம், பூட்டினேன். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று. மறுநாளும் நாளைக்கு என்றேன். என் வீடு, என் மிஷின், என் ஜன்னல், இத்தனை வருடமாக நான் துடைத்த தரை. பயமாக இருந்தது. அக்கா எப்படியும் வாய் சாமர்த்தியத்தால் தப்பித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள், சட்டை முடிந்ததா என்று பார்க்க. இடது கை இன்னும் வெட்டவில்லை. தாள் இழுப்பறையில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. ஆணியில் அவள் பெயர் எழுதிய மற்றத் தாள்கள் தொங்கின. நான் டேப்பை எடுத்து அவள் தோளில் வைத்தேன்.

"என்னடி இது? என் கை அளவு உனக்கு மறந்துபோச்சா?"

"இளைச்சிருக்கியேக்கா, அதான்."

"நானா? இளைச்சேனா?" என்று தன் வயிற்றைத் தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஆணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் டேப்பில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, அள" என்று கையை நீட்டினாள். டேப்பை ஒழுங்காக இழுத்துப் பிடிக்காமலே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் விசாரணை. அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையைத் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். மூன்றாம் முறை பிரிக்கும்போது இழுப்பறையைத் திறந்துவிட்டேன். எப்படிப் பஸ் ஏறினேன், எப்படிப் படியேறினேன் என்று கேட்காதீர்கள். கத்தரிக்கோல்கூடக் கையில்தான் இருந்தது. வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டான்.

உள்ளே அக்காவுக்கு முன்னால், தப்பு தன்னுடையது என்று எழுதிய வாக்குமூலத்தை வைத்து, கையெழுத்துப் போடப் பேனா கொடுத்திருந்தார்கள். குழுத் தலைவி வயதான அம்மாள். தாளை அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சல்லடை, வலது கை" என்று பென்சிலில் எழுதியிருந்த பக்கம் மேலே வந்தது.

"என்னம்மா இது?"

"சட்டைக் கைங்க. அந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தார். சிவப்பு மையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். அப்புறம் எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் கையிலிருந்து பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே நடைபாதையில் அக்கா வந்து என் முன்னால் நின்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஓரடி வைத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எப்ப பாத்தே அதை?"

நான் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"உன்னைத்தான் கேக்குறேன். எப்ப?"

"ஒன்பது நாளாச்சுக்கா."

"அப்போ நான் வந்தன்னைக்கு வீட்ல இருந்துச்சு."

"இருந்துச்சு."

"டேப் எடுத்தியே." மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "டேப் எடுத்தே. மூஞ்சியைப் பாக்கலை. ஆணியில கை அளவு மட்டும் இல்லை. எல்லாத்தையும் பாத்தேன்டி நான். என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லைன்னு ஒண்ணை நினைச்சு வச்சிருந்தேன். அதுக்கு மாறா இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்."

"அக்கா, கடைசியில கொண்டாந்துட்டேன்ல..."

"கொண்டாந்தே. நல்லா இரு." படியில் இரண்டு படி இறங்கி, திரும்பாமலே சொன்னாள். "உலகத்துல உள்ளவங்க தூக்கிப் போட்டதையெல்லாம் பதினேழு வருஷமா பொறுக்கிப் பாத்தவ நான். நான் தூக்கிப் போட்டதைப் பாக்கத் தெரியலை பாரு."

அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தெற்குக் கடலுக்கு எல்லையைத் தளர்த்தினார்கள். இந்த மழைக்காலத்தில் வந்த இரண்டு புயலையும் முன்கூட்டியே சொல்லிப் படகுகளைக் கரைக்கு வரவழைத்தார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். என் வீட்டுக்காரர் பதவி இறங்கி, வேறு ஊருக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஆள் சாப்பாடு செய்துவிட்டு நான் ஒருத்தியாகச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. அக்கா எழுத்து. கத்தரியால் நூலை வெட்டிப் பிரித்தேன். அந்த வெள்ளைச் சட்டை, துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்திருந்தது. மேலே ஒரு கடிதம், கிறுக்கல் இல்லை, வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஓரம் விட்டு, மேலே தேதி போட்டு, எண் போட்டு, முறையாக எழுதிய கடிதம்.

"அனுப்புநர்: ஒதுக்கப்பட்ட அளவுகள் சரிபார்ப்பாளர். பெறுநர்: தையல்காரர். பொருள்: சட்டையின் இடது கை. இடது கை வலது கையைவிட அரை விரல் நீளமாக உள்ளது. சரிசெய்து தபாலில் திருப்பி அனுப்பவும்."

கீழே முழுக் கையெழுத்து. அக்கா என்று எங்குமே இல்லை. டேப் எடுத்து அளந்து பார்த்தேன். சரியாக அரை விரல். கையைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைத்து வைத்துவிட்டேன். கூட வைக்க ஒரு கடிதம் எழுத வேண்டும். நான்கு நாளாகப் பெறுநர் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.